யாருடைய சீமை இது?

சிவகங்கை மாவட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது, கலெக்டர் ஆபீஸ் கையேட்டில் இருக்கிறது, எல்லாக் கட்சி மேடையிலும் இருக்கிறது. 1959ல் கண்ணதாசன் எடுத்த சினிமாவிலும் இருக்கிறது. 1772ல் காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் கும்பினிப் படையிடம் உயிர்விட்டார். வேலுநாச்சியார் திரும்பி வந்து சீமையை மீட்டார். 1801 அக்டோபர் 24ல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கில் போட்டார்கள். அப்புறம் ஜமீன் வந்தது. அப்புறம் நகரத்தார் மாளிகை கட்டினார்கள், கல்லூரி கட்டினார்கள். அப்புறம் சுதந்திரம். கதை முடிந்தது.

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இவ்வளவும் நடந்தபோது சேரி எங்கே இருந்தது என்று கேட்டால் புத்தகம் வாயைத் திறக்காது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் ஜனத்தொகை சுமார் 13 லட்சத்து 39 ஆயிரம். அதில் நூற்றுக்குப் பதினேழு பேர் பட்டியல் சாதியினர். 1950ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியலுக்கு வெளியே தள்ளப்பட்ட தலித் கிறிஸ்தவர்கள் இந்தப் பதினேழில் சேரவில்லை. இத்தனை பேருக்கும் சேர்த்துப் புத்தகம் விட்டுக்கொடுப்பது ஒரே ஒரு குயிலியை. ஆயுதக் கிடங்கில் உடம்பெல்லாம் தீயோடு குதித்தவள் என்று வாய்மொழியாக வருகிறாளே, அவளை. சிவகங்கையில் வேலுநாச்சியார் நினைவிடத்தில் அவளுக்கும் ஒரு சின்னம் வைத்திருக்கிறார்கள். சாகிறபோது வரலாற்றுக்குள்ளே வரலாம். உயிரோட இருக்கிறபோது வரக் கூடாது. அதுதான் ஏற்பாடு.

மாவட்டத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 1985ல் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாக வெட்டினார்கள். இந்தத் துண்டுக்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரை வைத்தார்கள். 1997ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு சூட்டியது. அவ்வளவுதான், ஒரு தலித் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பினார்கள். தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லா மாவட்டத்துக்கும் எல்லாப் போக்குவரத்துக் கழகத்துக்கும் இருந்த தலைவர் பெயர்களை மொத்தமாக அழித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இது 'சிவகங்கை மாவட்டம்' ஆனது. பஸ் மேலே எழுதிய ஒரு தலித் பெயரைப் பொறுக்க முடியாததால் வந்த பெயர் இது. எந்தக் கையேட்டில் இது இருக்கிறது?

தோழர்களே, இந்தச் சீமையைக் கல்லலில் நின்று பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். காரைக்குடியிலிருந்து மானாமதுரைக்குப் போகிற ரயிலில் ஏறினால் தேவகோட்டை ரஸ்தாவுக்கு அடுத்த ஸ்டேஷன் கல்லல். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். வடக்கே செட்டிநாட்டு மாளிகைகள். கிழக்கே தேவகோட்டைப் பக்கம், நாட்டார்களின் நாடுகள். தெற்கே காளையார்கோவில், ராஜாக்களின் கோட்டையும் கோபுரமும். பணம், நாடு, ராஜ்யம் மூன்றும் வந்து முட்டுகிற இடம். இங்கே நின்றுதான் நம் கேள்வியைக் கேட்க முடியும்.

மண்ணும் தண்ணியும்

இது வைகையின் கையெட்டாத மண். திருப்புவனம், மானாமதுரை பக்கம் ஆற்றுப் பாசனம் கொஞ்சம் உண்டு. கல்லல் பக்கம் செவக்காடும் செம்புராங்கல்லும்தான். ஐப்பசி கார்த்திகையில் விழுகிற மழையைக் கண்மாயில் பிடித்து வைத்தால் ஒரு போகம். மழை பொய்த்தால் சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டு வயிறு கழுவ வேண்டும். ஆகவே இங்கே தண்ணிதான் அதிகாரம். கண்மாய் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் ஊர் இருக்கிறது.

தென்மாவட்டங்களில் பல ஊர்க் கண்மாய்களில் மடை திறக்கிறவன் யார்? நிறைந்த கண்மாயில் முங்கி மடைக்கல்லை அசைக்கிறவன் யார்? ராத்திரியில் கரையைக் காத்து, வயலுக்கு வயல் தண்ணி கட்டுகிறவன் யார்? நீர்பாய்ச்சி என்றும் மடைக்குடும்பன் என்றும் பட்டம் கொடுத்து அந்த வேலையை நம் ஆட்களுக்குத்தான் விட்டார்கள். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணி என்ற கணக்கு நம் தாத்தன்மார் தலைக்குள்ளே இருந்தது. வயல் மட்டும் வேறு ஆள் பெயரில் இருந்தது.

ஊருணி கதையும் இதுதான். செட்டிநாட்டு வீடுகளில் கூரைத் தண்ணி முற்றத்தில் இறங்கி, வடிகாலில் ஓடி, ஊருணியில் சேரும். ஊரையே தண்ணிக் கணக்குப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று கட்டடக்கலை மாணவர்கள் வந்து வியந்து படம் வரைந்துகொண்டு போகிறார்கள். வியக்கட்டும். உலகத்துக்கு உதவுகிறவன் செல்வத்துக்கு வள்ளுவரே ஊருணியைத்தானே உவமை சொன்னார். ஆனால் அந்தப் படத்தில் ஒரு கோடு விட்டுப் போகிறது. எந்தப் படித்துறையில் யார் இறங்கலாம், யார் தள்ளி நின்று ஊற்றச் சொல்லிக் கேட்க வேண்டும் என்ற கோடு. 1927 மார்ச் 20ல் அம்பேத்கர் மகாடுக் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணி அள்ளிக் குடித்தார். அவர் அள்ளியது தாகத்துக்கு இல்லை. பொதுச் சொத்தில் எனக்கும் பங்குண்டு என்பதற்கு அது சாட்சி. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் வேங்கைவயலில், 2022 டிசம்பரில், நம் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலம் கலந்திருந்தது. 2025 ஜனவரியில் அதே மக்களில் மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை வந்தது. மகாடு நடந்து நூறு வருசம் ஆகப் போகிறது. தண்ணியில் பங்கு கேட்கிறவன் இன்னும் குற்றவாளிக் கூண்டிலேதான் நிற்கிறான்.

நிலத்தை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892ல் வந்ததுதான் பஞ்சமி நில ஆணை. அது அரசாங்கத் தரிசைப் பற்றியது. சிவகங்கையோ ஜமீன். 1803லேயே நிரந்தரத் தீர்வையில் போன சீமை. இங்கே தரிசும் ஜமீன் கணக்கில்தான். எனவே வடக்கே பெயரளவுக்காவது கிடைத்த பஞ்சமி நிலம் இங்கே எட்டிப் பார்க்கவே வழியில்லை. 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் பட்டா யாருக்குப் போனது? ஏற்கெனவே ரயத்து என்று கணக்கில் பெயர் ஏறியிருந்தவனுக்கு. பண்ணையில் கிடந்தவன் பெயர் எந்தக் கணக்கில் ஏறியிருக்கும்? ஜமீன்தார் போனார், கூலிக்காரன் கூலிக்காரனாகவே நின்றான்.

ஒரே கடல், இரண்டு பயணம்

செட்டிநாட்டு மாளிகையைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்லப்படுகிற கதை கடல் தாண்டிய கதை. பர்மாத் தேக்கு, இத்தாலி சலவைக்கல், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. நகரத்தார் ரங்கூனுக்கும் கொழும்புக்கும் பினாங்குக்கும் போனார்கள், வட்டிக்கு விட்டார்கள், வந்தார்கள். 1930ல் உலகமே பொருளாதார மந்தத்தில் விழுந்தபோது பர்மா விவசாயி கடனைக் கட்ட முடியவில்லை. அடமானம் மூழ்கியது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம், 1930களின் கடைசியில் நூற்றுக்கு இருபத்தைந்து ஆனது. பர்மியனும் ஒரு நாள் கேட்டான், இது யாருடைய சீமை என்று. யுத்தமும் அதற்குப் பின் வந்த நில உடைமைச் சட்டங்களும் அந்தக் கணக்கை முடித்துவைத்தன.

அதே கடலில் இன்னொரு கூட்டமும் போனது. கங்காணியின் முன்பணத்துக்குக் கைநாட்டு வைத்து, மண்டபம் முகாமில் அடைபட்டு, ஊசி போட்டுக்கொண்டு, இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூட்டம். பழைய இராமநாதபுரம், திருச்சி, மதுரை, சேலம் மாவட்டங்களில் இருந்து போன அந்தக் கூட்டத்தில் பள்ளரும் பறையரும் சக்கிலியரும்தான் பெரும்பகுதி. பணம் போன பயணத்துக்கு மாளிகை சாட்சி. உடம்பு போன பயணத்துக்கு எட்டடி லயன் காம்பரா சாட்சி. கொழும்பில் செட்டியார் தெரு என்று ஒரு தெருவே இருக்கிறது. கொழுந்து பறித்தவளின் பெயரில் ஒரு சந்தாவது உண்டா? 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாக எழுதினார்கள். மூன்று தலைமுறை கழித்துத் திரும்பி வந்தவர்களுக்கு இங்கே நிலமா இருந்தது? சேரியில் பழைய குடிசையின் மேடுகூட இல்லை.

மாளிகையைக் காட்டும்போது இந்த இரண்டாவது பயணத்தையும் சேர்த்துக் காட்டினால் அதை வரலாறு என்று ஒப்புக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் காட்டினால் அது விளம்பரம்.

ரயில் வந்த வருசம்

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி, கல்லல் வழியாக மானாமதுரைக்கு ரயில் பாதை திறந்தது 1930ல். அதே 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். இதை நாம் சொல்லவில்லை. 1931 சென்சஸுக்கு அதிகாரியாக இருந்த ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் பதிந்து வைத்திருக்கிறார்.

தடைகளைக் கேளுங்கள். தங்கம் வெள்ளி போடக் கூடாது. ஆம்பளை முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் மட்டும்தான். பொம்பளை ரவிக்கை, தாவணி போட்டு மார்பை மூடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலோ மழையோ, குடை பிடிக்கவும் செருப்பு போடவும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. தானியம் அழிந்தது. ஆடு மாடு கொள்ளை போனது.

நம் மக்கள் அடங்கவில்லை. ஆறே மாதத்தில், 1931 ஜூனில், பட்டியல் எட்டிலிருந்து பதினொன்றாக நீண்டது. இந்த இரண்டாவது பட்டியலைத் தோழர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். துணியும் நகையும் இதிலும் உண்டு. ஆனால் கூடவே வேறு சிலதும் வந்து உட்கார்ந்துவிட்டன. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதார் மாட்டைத்தான் மேய்க்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பிடிக்கக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டும். விற்காவிட்டால் தண்ணி கிடையாது. மழையை நம்பி ஏதாவது விளைந்தாலும் விளைச்சலைக் கொள்ளையடிக்க வேண்டும். காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணிவரை கூலிவேலை. ஆம்பளைக்கு நாலணா, பொம்பளைக்கு ரெண்டணா. கல்யாணத்தில் மேளம் கூடாது. மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் போகக் கூடாது.

பார்த்தீர்களா? முதல் பட்டியல் சட்டையில் ஆரம்பித்தது. இரண்டாவது பட்டியல் நிலத்திலும் தண்ணியிலும் கூலியிலும் பள்ளிக்கூடத்திலும் போய் முடிந்தது. மரியாதை வேறு, சொத்து வேறு என்று நம்மில் பல பேர் நினைக்கிறோம். ஆதிக்கம் செய்கிறவன் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை. அவனுக்கு இரண்டும் ஒரே கணக்கு நோட்டு. சட்டை போட்டவன் நாளைக்குக் கூலி ஏற்றிக் கேட்பான், படித்தவன் பட்டா கேட்பான் என்று அவனுக்குத் தெரியும். இதை முதலில் புரிந்துகொண்டு எழுதி வைத்தது அவன்தான். நாம் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

வடம் ஒரு பட்டா

இந்த வெளிச்சத்தில் கண்டதேவித் தேரைப் பார்க்க வேண்டும். தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவி. சிவகங்கை சமஸ்தான தேவஸ்தானத்துக்கு உட்பட்ட சொர்ணமூர்த்தீசுவரர் கோயில். ஆனியில் தேர். தேருக்கு நாலு வடம். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இரவுசேரி என்று நாலு நாடு, நாட்டுக்கு ஒரு வடம். வடம் பிடிப்பது நாட்டாரின் உரிமை, அவர்களுக்கு முதல் மரியாதை. அப்படியானால் அந்த நாலு நாட்டுக்குள்ளேயும் காலம்காலமாகக் குடியிருக்கிற தலித் எந்த நாட்டைச் சேர்ந்தவன்? அவனுக்கு வடம் கிடையாது என்றால் நாடும் கிடையாது என்றுதானே அர்த்தம்?

இந்தக் கேள்விக்கு உஞ்சனையில் 1979லேயே ரத்தத்தில் பதில் சொன்னார்கள். கோயில் திருவிழா உரிமையை ஒட்டிய பகையில் ஐந்து தலித்துகளை வெட்டிக் கொன்றார்கள். 1998ல் கண்டதேவியில் நாங்களும் வடம் பிடிப்போம் என்று நம் மக்கள் கேட்டதும் தேர் நின்றது. அப்புறம் கோர்ட், பேச்சுவார்த்தை, சமாதானக் கூட்டம், 144. சில வருசம் போலீஸ் வளையத்துக்குள்ளே நகர்ந்தது. 2006க்குப் பிறகு அசையவே இல்லை. புதுத்தேர் செய்தும் கொட்டகையில் கிடந்தது. உயர்நீதிமன்றம் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு 2024 பிப்ரவரியில் வெள்ளோட்டம் விட்டார்கள். ஜூன் 21ல் பெரும் போலீஸ் காவலோடு தேர் ஓடியது. தலித்துகளும் வடம் பிடித்தார்கள். யார் யார், எத்தனை பேர் என்று அளந்து எண்ணி விட்ட வடம் அது. இருந்தாலும் பிடித்தது பிடித்ததுதான்.

இங்கேதான் இயக்கத்துக்குள்ளேயே ஒரு கேள்வி வருகிறது. 'சாமி தேரை இழுத்தா சோறு வந்துருமா? இந்து மதத்தையே வேணாங்குற நாம எதுக்கு அவன் தேர்க் கயித்தைப் பிடிக்கணும்?' நியாயமான கேள்வி, நகைத்துத் தள்ளக் கூடாது. இதே கேள்வி 1930ல் நாசிக்கிலும் எழுந்தது. காலாராம் கோயில் சத்தியாகிரகத்தின்போது ராமநவமித் தேரை இரண்டு தரப்பும் சேர்ந்து இழுப்பது என்று ஒப்பந்தமானது. ஏப்ரல் 9 அன்று சாதி இந்துக்கள் நம் ஆட்களைக் கையே வைக்க விடாமல் தேரை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கல் பறந்தது. அம்பேத்கர் அந்தச் சாமியை நம்பியா போனார்? கோயிலுக்குள் போனால் நம் கஷ்டம் தீரும் என்று அவர் நினைக்கவில்லை. நம் மக்கள் தங்கள் நிலையைத் தாங்களே உணர்ந்து எழுவதற்கு அந்தப் போராட்டம் வழி என்று கண்டார். ஐந்து வருசம் கழித்து இயோலாவில் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தவரும் அவரேதான்.

நான் சொல்வது இதுதான். நம் சீமையில் வடம் வெறும் கயிறில்லை, அது பட்டா. காளாஞ்சி வெறும் வெத்தலை பாக்கில்லை, அது பங்குச் சீட்டு. யாருக்கு முதல் மரியாதையோ அவருக்குத்தான் கண்மாய் மீன் ஏலத்தில் முதல் சொல், பொதுப் புறம்போக்கில் முதல் வேலி, பஞ்சாயத்தில் முதல் நாற்காலி. மேலூர் பக்கம் மேலவளவில் 1997 ஜூன் 30ல் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேரை வெட்டினார்களே, அங்கே தேரா ஓடியது? நாற்காலிதான். வடமும் நாற்காலியும் மடையும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஆகவே வடத்தை விட்டுவிட்டு நிலத்தை மட்டும் கேட்க முடியாது. வடத்தைத் தொட்டுவிட்டோம் என்று திருப்திப்பட்டு நிலத்தை மறக்கவும் கூடாது. தொட்ட கையோடு கேட்க வேண்டியது மீதிக் கணக்கு.

புதுசாக ஒரு பூச்சு

இப்போது இந்தச் சீமைக்குப் புதுமவுசு வந்திருக்கிறது. 2014ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. மாளிகைகள் ஓட்டல் ஆகின்றன. ஆத்தங்குடிக் கல்லும் செட்டிநாட்டுச் சமையலும் உலகம் சுற்றுகின்றன. இன்னொரு பக்கம் கீழடி. 2600 வருசத்துக்கு முந்திய நகர வாழ்வு, உறைகிணறு, எழுத்துப் பொறித்த பானை ஓடு. 2023ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். கீழடி பெருமைதான், நமக்கும்தான்.

ஆனால் அதே மாவட்டத்தில் கச்சநத்தம் இருக்கிறது. 2018 மே 28 ராத்திரி ஊருக்குள் புகுந்து வெட்டினார்கள். மூன்று பேர் செத்தார்கள். கோயில் மரியாதையும், முன்னால் எழுந்து நிற்கவில்லை என்ற கோபமும்தான் அந்தப் பகைக்குள்ளே இருந்தன. 2022 ஆகஸ்டில் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பயப்படாமல் சாட்சி சொன்ன மக்களின் வெற்றி அது. 2025 பிப்ரவரியில் மானாமதுரைப் பக்கம் ஒரு கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள். நீயெல்லாம் புல்லட் ஓட்டலாமா என்று சொல்லி வெட்டியதாகப் புகார். 1931 பட்டியலின் கடைசி வரிகளைத் திரும்பப் பாருங்கள். கல்யாணக் குதிரை போய் புல்லட் வந்திருக்கிறது. பட்டியல் அப்படியேதான் இருக்கிறது, யாரும் அதை ரத்து செய்து அறிவிக்கவில்லை.

பாரம்பரியம் என்று ஒரு ஊரைப் பாதுகாக்கும்போது எதைப் பாதுகாக்கிறோம்? தூணையும் ஓட்டையும் பாதுகாக்கலாம். ஊருக்கும் சேரிக்கும் நடுவே கிடக்கிற அந்த இடைவெளியும் பாரம்பரியம்தானா? காளையார்கோவில் கோபுரம் கட்ட மானாமதுரையிலிருந்து ஜனங்கள் வரிசையாக நின்று கைக்குக் கை செங்கல்லை மாற்றிக்கொண்டு வந்து சேர்த்தார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். சரி. அந்த வரிசையில் நின்ற கைகள் எத்தனை சேரிக் கைகள்? கோபுரம் எழும்பிய பிறகு அந்தக் கைகளை எந்த வாசலில் நிறுத்தினார்கள்? சுற்றுலா வழிகாட்டி இதைச் சொல்ல மாட்டான். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாம்தான் எழுத வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

காரைக்குடியில், தேவகோட்டையில், சிவகங்கையில் படிக்கிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பட்டம் வாங்குவதற்கு இல்லை, பங்கு வாங்குவதற்கு. கல்லல் ஒன்றியத்தில் ஒரு ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த ஊராக இருந்தால் இன்னும் நல்லது. சேரியில் வயசான அப்பத்தாக்கள், தாத்தாக்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். கேளுங்கள்.

இந்தக் கண்மாயின் மடையை யார் திறந்தது, அதற்கு என்ன கூலி? இந்த ஊருணியில் நம்ம ஆளுக முதல்ல எப்ப இறங்குனாங்க, அன்னைக்கு என்ன நடந்துச்சு? இந்த ஊரில் முதல் சட்டை போட்டவர் யார், முதல் ரவிக்கை போட்டவர் யார், முதலில் பள்ளிக்கூடம் போனவர் யார்? சிலோனுக்கும் மலேயாவுக்கும் யார் போனது, திரும்பியது யார்? புறம்போக்கு எவ்வளவு இருந்தது, இப்போது அது யார் வேலிக்குள்ளே இருக்கிறது?

கிழவிகளிடம் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கிராம நிர்வாக அலுவலகத்தில் அ-பதிவேட்டைப் பாருங்கள். தாலுகா ஆபீஸில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். ஜமீன் ஒழிப்புக்குப் பின் நடந்த செட்டில்மெண்டில் பட்டா யார் பெயருக்குப் போனது என்று நகல் கேளுங்கள். வாய்மொழியையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் களவு கண்ணுக்குத் தெரியும். பத்து ஊருக்கு இப்படி எழுதினால் அது ஒரு ஒன்றியத்தின் வரலாறு. அடுத்த முறை யுனெஸ்கோக்காரனோ அமைச்சரோ வரும்போது அதை அவர்கள் கையில் கொடுக்கலாம். அதைவிட முக்கியம், நிலம் கேட்டு மனுக் கொடுக்கும்போது அதையே ஆதாரமாக இணைக்கலாம்.

1931ல் பதினொரு தடைகளை எழுதிய ஆளுக்கு நம் ஜனங்கள் எதை எதை ஆசைப்படுகிறார்கள் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடம், சொந்த நிலம், தண்ணி, நியாயமான கூலி, கல்யாணத்தில் மேளம். அந்தத் தடைப் பட்டியலைத் திருப்பிப் படித்தால் அது நம் கோரிக்கைப் பட்டியல். தொண்ணூறு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் எத்தனை பாக்கி என்று ஊர் ஊராகக் கணக்கெடுப்போம். கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்போம்: யாருடைய சீமை இது?